கருகின வாசம்

வாசம் முதலில் பர்ஸானாவின் மூக்குக்குத்தான் எட்டியது.

மட்டாஞ்சேரி பஜாரின் பழைய மிளகுக் கிடங்கு அது. இப்போது அதில் நாடகம் போடுகிறார்கள். சுக்கு, மல்லி, ஈரச் சாக்கு என்று சுவரில் ஊறிக் கிடக்கும் வாசமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இது அதில் சேராது. எங்கோ வயர் கருகுகிறது.

குனிந்து, தான் விளக்குகளை இயக்கும் லைட் போர்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. தலைக்கு மேல் இரும்புக் குழாயில் வரிசையாகத் தொங்கிய விளக்குகளை அண்ணாந்து பார்த்தாள். இருட்டில் புகை இருந்தாலும் தெரியாது.

மேடையில், கடலுக்குப் போன மகனுக்காக ஒரு தாய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் நாலைந்து வசனம். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது, வெளிச்சம் மட்டும்தான். சாயங்காலம் மெல்ல மெல்ல வடிந்து, எல்லாம் மறைந்த பிறகு தாயின் முகம் கடைசியாக அணைய வேண்டும். அந்த ஒரு அந்திக்காக பர்ஸானா மழைக்காலம் முழுக்க மெனக்கெட்டிருந்தாள்.

அதைப் பார்க்கத்தான் முன்வரிசையில் நீலகண்டன் உட்கார்ந்திருந்தார்.

ஒரு கல்லூரியில் மேடை ஒளியமைப்பு முதுகலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அவர் அங்கே பேராசிரியர். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஸ்காலர்ஷிப் மட்டும் அவர் கையில் இருந்தது.

இன்னொரு கல்லூரியிலும் கூப்பிட்டிருந்தார்கள். அது மேடை நிர்வாகம். நாடகம் நடக்கும்போது விளக்கு, ஒலி, கயிறு, கதவு, ஆள் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கிற படிப்பு. கைதட்டு கிட்டாத படிப்பு என்று இயக்குநர் ஷமீல் அதை ஒதுக்கித் தள்ளினான். பர்ஸானா லைட்டுக்குத்தான் போகிறாள் என்று குழுவில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தான். அவள் மறுக்கவில்லை. மறுக்கக் காரணமும் கிடைக்கவில்லை.

இரண்டு கல்லூரிக்கும் இன்றைக்குள் பதில் போக வேண்டும்.

வாசம் கூடியது.

ஹெட்செட்டில் ஷமீலிடம் கிசுகிசுத்தாள். "இக்கா, வயர் கருகின வாசம் வருது."

மேடையின் மறுபக்கத்திலிருந்து ஷமீலின் குரல் வந்தது. "பொறத்தால எவனாச்சும் எதையாச்சும் எரிப்பான். நீ உன் லைட் க்யூவை நோக்கு."

அப்படித்தான் இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனால் சுற்றிலும் கறுப்புத் துணி. மேலே பழைய மரக்கூரை. இருட்டுக்காக இரண்டு கதவையும் சாத்தியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஜனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. ஒருத்தி மடியில் குழந்தையைத் தூங்கப் போட்டிருந்தாள்.

தாய் கடைசி வசனத்துக்கு வந்துவிட்டாள்.

பர்ஸானாவின் விரல், அந்தி வெளிச்சத்தைக் குறைக்கிற ஃபேடர் குமிழில் இருந்தது. விரலை எடுத்துப் பக்கத்து ஃபேடரை மேலே தள்ளினாள்.

கிடங்கின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன.

தாயாக நடித்த மகா, பாதி வசனத்தில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜனம் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தது.

"யாரும் பேடிக்கண்டாம், பயப்படாதீங்க. மெதுவா எல்லாரும் வெளிய எறங்குங்க!"

தன் குரல் நடுங்கவில்லை என்பதை பர்ஸானா பிறகுதான் யோசித்தாள். ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். குழந்தைக்காரியை முதலில் அனுப்பினாள். ஹெட்செட்டுக்குள் ஷமீல் கத்திக்கொண்டிருந்தான். அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கடைசியாக வெளியே வந்தாள்.

பின்சந்தில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு வயர்க் கட்டைக் கொளுத்திச் செம்பு பிரித்துக்கொண்டிருந்தார். திடீரென்று முளைத்த கூட்டத்தைக் கண்டு மிரண்டுபோய் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் கொட்டினார்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.

ஷமீல் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் நடந்தில்லல்லோ! அந்த மனுசன் எதுக்கு வந்தாருன்னு உனக்குத் தெரியாதா? எல்லாத்தையும் நாசமாக்கிட்டியே."

பர்ஸானா ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். அவன் சொன்னதில் தப்பில்லை.

அந்தக் காட்சியை முதலிலிருந்து தொடங்கினார்கள். திரும்பி வந்தவர்கள் கிடைத்த இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். முன்வரிசைப் பக்கம் பார்க்க பர்ஸானாவுக்குத் தைரியம் வரவில்லை. மகா கடைசி வசனத்தைச் சொன்னாள். பர்ஸானா ஃபேடரைக் கீழே இழுத்தாள்.

கைதட்டு ஓய்ந்தபோது நீலகண்டன் போர்டுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். அவர் போகவே இல்லை.

"எத்தனையோ வருஷமா லைட் போடறேன். இப்படி ஒரு அந்தியை நான் பார்த்ததில்லம்மா. அந்த முகம் எப்ப அணைஞ்சதுன்னே தெரியல. ஸ்காலர்ஷிப் உனக்குத்தான்."

ஷமீல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் சிரித்தது.

பர்ஸானா அவர் சொன்ன அந்தியைத் தனக்குள் தேடிப் பார்த்தாள்.

கிடைக்கவில்லை. கண்ணுக்குள் வந்ததெல்லாம் இரண்டு பெரியவர்கள். பின்கதவை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை எப்படி எழுப்புவது, யாரை அனுப்பி நகரச் சொல்வது என்று தவித்துக்கொண்டே இருந்தாள். மேடை இருண்ட நேரம் முழுக்க அவள் பார்த்தது அந்தக் கதவைத்தான். கை தன்பாட்டுக்கு வேலையை முடித்திருக்கிறது.

"அதை வேற யாருக்காச்சும் குடுங்க சாரே, நான் மேடை நிர்வாகத்துக்குப் போறேன்," என்றாள் பர்ஸானா. "நான் அந்த அந்தியைப் பாக்கவே இல்ல."