மடிக் கணக்கு

"இவ யார் யார் மடியில உக்காருவா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே அரிக்கிறது, எப்போதிலிருந்து அரிக்கிறது என்று கேட்பார்கள் என்றுதான் அவர் பதிலோடு வந்திருந்தார்.

மகள் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

வந்திருப்பது சிரங்கு என்றார் டாக்டரம்மா. தோலுக்குள் குடியிருக்கும் பொடிப் பூச்சி. குழந்தைக்கு மட்டும் மருந்து பூசினால் வீண்வேலை. அவளைத் தூக்கிக் கொஞ்சுகிற அத்தனை பேரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே ராத்திரியில் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொள்ள வேண்டும். ஒருவர் தப்பினாலும் அவரிடமிருந்து பூச்சி திரும்பி வந்துவிடும். அதனால் டாக்டரம்மா மருந்துச் சீட்டில் பெயரை எழுதுவதற்கு முன் மடியைக் கேட்பார்.

இரண்டே மடிதான் என்றாள் மனைவி, பட்டென்று. கண்ணாடிக்கடைக்காரர் ஆமாம் சாமி போட்டார். அதில் அவருக்கு நல்ல அனுபவம்.

வீடு ஒன்று, நடுவில் சுவர் ஒன்று. அந்தப் பக்கம் அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பையன்கள். வாஷிங் மெஷின் தண்ணீர் யார் வாசல் வழியாகப் போவது என்று கிளம்பிய பேச்சு தடித்துப்போய், இப்போது இரண்டு வீட்டுக்கும் முகம் பார்க்கிற பழக்கம்கூட இல்லை. அந்த வாசலை மிதித்தால் நடப்பதே வேறு என்று மனைவி சொல்லியிருந்தாள்.

அவர் தினமும் மிதித்துக்கொண்டுதான் இருந்தார். பால் வாங்கப் போவதாகச் சொல்லி மகளையும் கூட்டிக்கொண்டு போய், அண்ணனோடு ஒரு ஆட்டம் சீட்டு. ஆட்டம் முடியும்வரை அவள் பெரியப்பா மடியில். பால் வாங்க மறந்துபோன நாட்களும் உண்டு. யார் கேட்டாலும் பால் வாங்கப் போனோம் என்றே சொல்ல வேண்டும் என்று அவளுக்கு உருப்போட வைத்திருந்தார்.

கேவலம் ஒரு பூச்சி காட்டிக்கொடுத்துவிடும் போலிருந்தது. சொன்னால் வீட்டில் பூகம்பம். சொல்லாவிட்டால் குழந்தைக்கு விடிவில்லை. அவள் தூக்கத்தில் சொறிந்து சொறிந்து அழுவது நினைவுக்கு வந்தது.

டாக்டரம்மா மூன்று பேருக்கு எழுதினார். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு ட்யூப், நாலு வயதுக்குக் கால் ட்யூப்.

வெளியே வந்ததும், குழந்தையின் தொப்பியை உள்ளேயே விட்டுவிட்டேன் என்று மனைவி திரும்பிப் போனாள். போனவள் சீக்கிரம் வரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், என்ன பொய் சொல்வது என்று யோசிக்க அவருக்கு நேரம் கிடைத்தது.

அவள் வந்தாள். என் கண்ணாடியை மேஜை மேல் வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே பாய்ந்தார்.

டாக்டரம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"சுவருக்கு அந்தப் பக்கம் நாலு பேருக்குத்தானே? உங்க சம்சாரம் இப்பதான் எழுதி வாங்கிட்டுப் போனாங்க. மத்தியானமெல்லாம் பாப்பாவோட அங்கதானாம். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாங்க."

அவர் நாற்காலியை இழுத்தார். அதற்குள் அடுத்தது வந்தது. காலையிலேயே அண்ணி வந்து, தன் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் சேர்த்து ஏழு பேருக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம்.

"மருந்துக்குக் குறைச்சல் இல்ல. எந்த ராத்திரி பூசறதுன்னு மட்டும் யாராவது வாயத் திறந்து பேசிக்குங்க."

வெளியே மனைவி, கண்ணாடி கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றார். அது உள்ளே போகும்போதும் அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

குழந்தைக்குத் தொப்பியே கிடையாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மகளை நடுவில் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். முதலில் யார் பேச்சை எடுப்பது என்று தெரியவில்லை. அவள் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தாள். அவர் மூன்றாவதாகக் கனைத்தார்.

மகள் நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் உருவிக்கொண்டாள்.

"இன்னைக்கு ராத்திரியே எல்லாரும் பூசிக்கலாம்னு பெரியம்மா உங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லச் சொன்னாங்க. அங்க போனதச் சொல்லக் கூடாதுன்னு நீங்க ரெண்டு பேரும்தானே சொன்னீங்க?"

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததைக் கொட்டிவிட்ட நிம்மதியில், அவள் இரண்டு கைகளாலும் ஆசைதீரச் சொறிந்துகொண்டாள்.