காஸ்ட்ரில்லோவுக்கு ஈடு

"முப்பது ஹோம் ரன் அடிச்சவனைக் கொடுத்துட்டு, முழங்கை ஒடிஞ்சவனை வாங்கியிருக்கே! இதுக்குப் பேரு ஆள் மாத்தறது இல்லை பெர்னி, தர்மம்! தர்மம் பண்ணணும்னா கோயில் உண்டியல்ல போடு, லீக்ல போடாதே!"

செட் நோவிட்ஸ்கி கத்திய கத்தலில் கிரில்லில் கிடந்த சாசேஜ் ஒன்று வெடித்தே விட்டது.

பெர்னடெட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதோட மூணு தடவை சொல்லிட்டே. சத்தம் கூடுதே தவிர விஷயம் கூடலை. தட்டை நீட்டு."

மில்வாக்கியில் ஆகஸ்ட் மாத ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்ததும் சிநேகிதர்கள் எட்டுப் பேரும் பெர்னடெட் வீட்டுத் தோட்டத்தில் கூடிவிடுவார்கள். எட்டுப் பேருமே கற்பனையில் ஆளுக்கொரு பேஸ்பால் அணிக்கு முதலாளி. நிஜ ஆட்டக்காரர்களை மார்ச் மாதமே பங்கு போட்டுக்கொள்வார்கள். அவர்கள் மைதானத்தில் அடித்தால் இவர்களுக்குப் புள்ளி. நடுவில் ஆள் மாற்றிக்கொள்ளலாம். நாலு பேர் கை தூக்கி எதிர்த்தால் மட்டும் அது செல்லாது.

சீசன் முடிவில் யார் கடைசியோ, அவர் நாற்காலியைக் காலி செய்யவேண்டும். அந்த நாற்காலிக்காகப் பங்குச் சாமியாரின் தங்கை புருஷன் வெகுநாளாய்க் காத்திருக்கிறான். தன் ஜோக்குக்குத் தானே விளக்கவுரை சொல்கிற ஆசாமி.

இப்போதைக்குக் கடைசியில் நிற்பது லியோ.

அவன் அணியைப் பொறுக்கியெடுத்தவள் அவன் மனைவி ஹெலன். ஏப்ரலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அணியில் ஒருத்தனையும் லியோ தொடவில்லை. முழங்கை ஒடிந்து, பந்து வீச முடியாமல் படுத்திருக்கிற பிட்சரைக்கூட அவள் வைத்த இடத்திலேயே வைத்திருந்தான். புள்ளி எங்கிருந்து வரும்? ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் வந்துவிடுவான். வாரத்தில் அவன் வாயைத் திறப்பதே அன்றைக்குத்தான்.

ஆள் மாற்ற இன்று மதியத்தோடு கெடு முடிகிறது. நேற்றுத்தான் பெர்னடெட் தன் அணியின் காஸ்ட்ரில்லோவை லியோவுக்குக் கொடுத்திருந்தாள். பதிலுக்கு வாங்கியது அந்த ஒடிந்த முழங்கையை.

"முதல் இடத்துல இருக்கோம்கிற திமிரு உனக்கு!" என்றான் செட்.

"ஆமா, திமிருதான். முதல் இடத்துக்கு வந்து பாரு, உனக்கும் வரும். ஏழாவது இடத்துல வயித்தெரிச்சல்தான் வரும்."

"நியாயமாப் பார்த்தா செட் சொல்றதும்..." என்று இழுத்தாள் லொரைன்.

"நீ நியாயமாப் பார்க்கிற அன்னிக்கெல்லாம் யாராவது அழுதுட்டுத்தான் போறாங்க லொரைன். அந்த உருளைக்கிழங்கு சாலட்டை இப்படித் தள்ளு."

"ஓட்டுக்கு விடறேன்!" என்றான் செட். அவன்தான் லீக் செயலாளர். "என் கையோட இன்னும் மூணு கை. போதும்."

லொரைனின் கை பாதி எழுந்துவிட்டது. அவள் புருஷன் கையும் பின்னாலேயே கிளம்பியது.

லியோ வாயைத் துடைத்துக்கொண்டான். "செட், வெள்ளிக்கிழமை நீ என் வீட்டுக்கு வந்ததைச் சொல்லட்டுமா?"

"வேணாம்."

"வறுத்த மீன் பொட்டலத்தோட வந்தான். 'எங்கிட்ட இருக்கிற ஹாலிடனை எடுத்துக்கோ'ன்னான்."

செட்டின் அணியில் உருப்படியான பிட்சர் ஹாலிடன் ஒருத்தன்தான்.

"பதிலுக்கு என்ன கேட்டான்?" என்றாள் பெர்னடெட்.

"அதே ஒடிஞ்ச முழங்கையைத்தான்."

பெர்னடெட் இடுக்கியைக் கீழே வைத்தாள். "ஏண்டா, உண்டியல் உண்டியல்னு கத்தினியே, அது யாருக்கு?"

"நான்தானே முதல்ல கேட்டேன்!" செட்டின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "எனக்கு முடியாதுன்னுட்டு மறுநாளே உங்கிட்ட வாங்கிக்கிறான்! என் ஆளு என்ன அவ்வளவு மட்டமா?"

"மட்டமில்லைடா மடையா," என்றான் லியோ. "ஹாலிடன் போனா நீ எட்டாவது. அப்புறம் உன் நாற்காலியில சாமியாரோட மச்சான் உக்காந்திருப்பான். அவன் ஜோக்கை யாரு கேக்கிறது? பெர்னிகிட்ட இருந்து ஒருத்தன் போனாலும் அவ அசைய மாட்டா. எல்லார் அணியையும் எடை போட்டுப் பார்த்துட்டுத்தான் வாங்கினேன்."

"நீ எப்போடா எடை போடக் கத்துக்கிட்டே?"

"பக்கத்துல உக்காந்து ஹெலன் போடறதைத்தானே இத்தனை வருஷமாப் பார்த்தேன்? அது மட்டுமில்லை. அந்த முழங்கைக்காரன் அவளுக்குச் செல்லம். பெர்னி அவனை ஒரு ஓரமா வச்சுப் பார்த்துப்பா. நீ மறுநாளே கழட்டி விட்டுடுவே."

"மறுநாளா? அன்னிக்கே!"

முதலில் சிரித்தவன் லியோதான். பியர் மூக்கு வழியாக வந்துவிட்டது. லொரைன் அவன் முதுகில் தட்டினாள், தேவைக்கு மேலேயே தட்டினாள்.

"செயலாளரே," என்றாள் பெர்னடெட், கிரில் புகைமேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்தபடி. "கெடு முடியப் போகுது. கேக்க வேண்டியதை முறையாக் கேளு. பள்ளிக்கூடத்துல சிஸ்டர் யூலாலியா சொல்லிக் கொடுத்த மாதிரி, நிமிர்ந்து நின்னு."

லொரைன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள். செட் எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த கடுகு விழுதைத் துடைத்து, தொண்டையைக் கனைத்தான்.

"காஸ்ட்ரில்லோ லியோவுக்குப் போறதை எதிர்க்கிறவங்க கை தூக்குங்க..." ஒரு கையும் எழவில்லை, அவனுடையதும்தான். "ஒரே ஒரு கையாவது தூக்குங்கப்பா!"