கொஞ்ச நாள் இருக்கட்டும்

"உலை வச்சதையே மறந்துருதா டாக்டரம்மா. சோறு கருகி, பக்கத்துக் கோலி வீட்டுக்காரங்க கதவைத் தட்டுற வரைக்கும் தூக்கம்."

ஹனீப் சொல்லச் சொல்ல, முகைதீன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய தங்கை சைனபைப் பற்றித்தான் ஹனீப் சொல்லிக்கொண்டிருந்தான். அவளைக் கட்டிய கணவன் ஹனீப். தாராவியில் தோல்பை தைக்கும் சின்னக் கார்கானா வைத்திருந்தான். "கிங்ஸ் சர்க்கிள்ல டாக்டரம்மாகிட்ட வரணும், உங்க தங்கச்சி விஷயம்" என்று காலையில்தான் முகைதீனுக்கு ஆள் அனுப்பியிருந்தான்.

வந்ததும் முகைதீன் கண்ணில் பட்டது, ஹனீபின் காலடியில் இருந்த பெரிய ரெக்சின் பை. ஜிப் மூடாமல் துணி பிதுங்கியது. அப்போதே அவன் முடிவுகட்டிவிட்டான். குறைகளையெல்லாம் சொல்லி முடித்து, வெளியே வந்ததும் பையை நீட்டி, "கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டும்" என்பான் ஹனீப். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி அனுப்பிய பெண்ணை யாரும் திரும்ப அழைத்ததில்லை. ஒற்றை அறைக் கோலியில் படுத்து மெஸ்ஸில் சாப்பிடுகிற முகைதீன், கைக்குழந்தைக்காரியை எங்கே வைத்துக் காப்பாற்றுவான்?

"அவ சோம்பேறி இல்ல டாக்டரம்மா" என்றான் அவசரமாக. "எங்க வீட்டுல விடியுமுன்ன எந்திரிச்சு அம்புட்டு வேலையும் பாக்கிற பிள்ளை."

"காக்கா, பொய் சொல்லாதீய" என்று அண்ணனை மடக்கினாள் சைனப். தொண்டை கட்டிய குரல். "என்னைய எழுப்ப உம்மா மூஞ்சியில தண்ணி தெளிப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மே மாத வெயிலிலும் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு, குழந்தையை மடியில் போட்டிருந்தாள்.

"பாத்தீயளா, இப்படித்தான். எதுக்கு அழுறேன்னு எனக்கே தெரியல. பாகல், பைத்தியம்ங்கிறாங்க அக்கம்பக்கத்துல."

"சொன்னவாளை எங்கிட்ட அனுப்பு. அவாளுக்கும் ஒரு ஊசி ரத்தம் எடுக்கறேன்" என்றாள் டாக்டர் அம்மிணி. பிறகு ரத்தப் பரிசோதனை முடிவைப் பிரித்துப் பார்த்து, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. இதுல ஊறற ஹார்மோன் ரத்தத்தோட கலந்து மூளைக்குப் போகணும். போதலேன்னா மூளை மந்தமாயிடும். மறதி, தூக்கம், காரணமில்லாத அழுகை எல்லாம் வரும். உடம்பு ஊதும், குளிரும், முடி கொட்டும். குழந்தை பொறந்தப்புறம் சில பேருக்கு இப்படி ஆறது. இவ வேணும்னு எதுவும் பண்ணலை."

முகைதீன் நாற்காலியை முன்னால் இழுத்தான். "இதுக்கு என்ன வைத்தியம்?"

"தினம் காலம்பற வெறும் வயித்துல ஒரு மாத்திரை. சில மாசத்துல பழைய பொண்ணாயிடுவா."

"வெறும் மாத்திரையா? அது போதுமா?"

"ஏன், ஆபரேஷன் பண்ணினாத்தான் நம்புவேளா?"

முகைதீன் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நோன்பு மாசத்துல என்ன செய்ய, டாக்டரம்மா?" என்று கேட்டான் ஹனீப்.

"சஹருக்கு எழுந்திருப்பேளே, சாப்பிடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி குடுங்கோ."

"நானே எழுப்பிக் கொடுத்துருதேன். இவளை நம்புனா மாத்திரை டப்பாவையும் சேத்துல்லா மறந்துருவா."

சைனப் அவனை முறைத்தாள். அந்த முறைப்பில் கோபம் இல்லை.

வெளியே வந்ததும் சைனப் மருந்துக்கடைப் படியில் குழந்தையோடு உட்கார்ந்தாள். ஹனீப் பையைத் தூக்கித் தோளில் போட்டான். முகைதீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், சீக்குன்னு தெரிஞ்சு போச்சுல்லா? அவளை எங்கூட அனுப்பிராதீய."

ஹனீப் விழித்தான். "அனுப்புறதா? யாரு சொன்னா?"

"இந்தப் பை..."

"இது என் துணி. சாயந்திரம் தாதர்ல ரயில் ஏறுறேன். நான் ஊருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் நீங்க எங்க வீட்டுல தங்கி இவளுக்கு மாத்திரை கொடுக்கணும். அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் முகைதீன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஊருல என்ன அவசரம்?"

"என் தங்கச்சி ரஷீதாவை இங்க கூட்டியாரணும். அவளையும் டாக்டரம்மாகிட்ட காட்டணும். போன தடவை இவங்க சந்தேகம்னு சொன்ன அன்னிக்கே டிக்கெட் எடுத்துட்டேன். இதே தூக்கம், இதே அழுகைதானே அவளுக்கும்? நமக்குத்தான் தெரியாமப் போச்சு, மச்சான்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. 'நமக்கு' என்றுதான் சொன்னான். முகைதீனால் தலை நிமிர முடியவில்லை.

அவர்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒருத்தி திரும்பி வந்தால் மற்றவளையும் திருப்பி அனுப்பு என்று ஊரே சொல்லியும் ஹனீப் கேட்கவில்லை. போன வருஷம், அதே தாதர் ஸ்டேஷனில், அழுதுகொண்டிருந்த தன் மனைவி ரஷீதாவையும் கைக்குழந்தையையும் ஹனீபிடம் ஒப்படைத்து, "கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டும்" என்று சொன்னவன் முகைதீன்தான்.