அறுபது மீட்டர்

மலை நகரலாம், கடல் வற்றலாம், பேராசிரியரின் மதிப்பெண் விதிகள் மட்டும் மாறாது.

முதல் வகுப்பில் அவரே எழுந்து நின்று சொன்னது இது. மைக் வேலை செய்யாததால் இரண்டாம் முறையும் சொன்னார்.

அல்ஜீப்ராவும் திரிகோணமிதியும் நடத்த வந்தவர், அன்றைக்கு மணியடிக்கும் வரை விதிகளையே நடத்தினார். போன் அடித்தால் அன்றைய வருகை காலி. படிகளுக்கு மதிப்பெண் கிடையாது. விடை சரியென்றால் முழுசு, தப்பென்றால் முட்டை. அரை, கால் என்று பேரம் பேச இது காய்கறிக் கடை அல்ல. கருணை மதிப்பெண் என்று யாராவது வாயெடுத்தால் இருப்பதும் போகும். விடைத்தாளைப் பார்க்க வேண்டியவர்கள் தனியாக அவர் அறைக்கு வந்து, நேருக்கு நேர் நின்று கேட்க வேண்டும்.

பிள்ளைகள் அவருக்கு ‘முழுஎண்’ என்று பெயர் வைத்தார்கள். காதில் விழுந்தபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது அவர் மேஜைக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

வகுப்பிலேயே மூத்தவள், அதனால் எல்லோருக்கும் அக்கா. மாலையில் மருந்துக்கடையில் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். இந்தத் தாளில் தேறிவிட்டால் நில அளவைப் படிப்பில் அவளுக்கு ஓர் இடம் காத்திருந்தது. இல்லையென்றால் நாளைக்கே அது வேறு யாருக்காவது போய்விடும்.

தேற நாற்பது வேண்டும். அவளுக்கு முப்பத்தேழு.

பேராசிரியர் அலமாரியைத் திறந்து, கட்டிலிருந்து அவள் தாளை உருவி மேஜையில் போட்டார். ஏழாவது கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு முட்டை. ஐந்து மதிப்பெண் கேள்வி அது.

ஒரு டவரின் அடியிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், அதன் உச்சி நாற்பத்தெட்டு பாகைக் கோணத்தில் தெரிகிறது. டவரின் உயரம் என்ன?

அக்கா ஐம்பத்தைந்தரை மீட்டர் என்று எழுதியிருந்தாள். அவருடைய விடைக்குறிப்பில் அறுபது. சுத்தமான முழு எண். கேள்வி தயாரித்த அன்று அந்த அறுபதைப் பார்த்து அவர் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

“ரெண்டு தடவை சரிபாத்துட்டுதான் சார் எழுதினேன்” என்றாள்.

“தப்பை எத்தனை தடவை போட்டாலும் தப்புதாம்மா. இரு, மெஷினே சொல்லட்டும், அப்புறம் உனக்கு மனசுல குறை இருக்காது.”

இழுப்பறையிலிருந்து தன் கால்குலேட்டரை எடுத்தார். கிரீடம் எடுப்பதுபோல மெதுவாக உறையைக் கழற்றினார். நாற்பத்தெட்டு, டேன், பெருக்கல், ஐம்பது.

அறுபது.

“பாத்தியா” என்று திருப்பிக் காட்டப்போனவரின் கை பாதியில் நின்றது.

திரையின் மூலையில் பொடியாக ஓர் எழுத்து இருந்தது.

கோணத்தைப் பாகையிலும் அளக்கலாம், ரேடியனிலும் அளக்கலாம். எந்த அளவில் கணக்குப் போடுகிறோம் என்று கால்குலேட்டருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்; மாறிப்போனால் அது சொல்வதெல்லாம் உளறல். கேள்வியில் இருந்தது பாகை. திரையில் இருந்தது ரேடியன். மூத்த வகுப்புக்கு நுண்கணிதம் நடத்தும்போது மாற்றிவைத்தது, மாற்றியபடியே கிடந்திருக்கிறது.

இதே தவற்றுக்காக ஒரு பையனை “நீயெல்லாம் எதுக்குப்பா கணக்குப் படிக்க வந்தே?” என்று நிற்கவைத்துக் கேட்டவர் அவர்.

மேஜைக்குக் கீழே கையைக் கொண்டுபோய், அளவை மாற்றி மறுபடி அழுத்தினார். ஐம்பத்தைந்தரை வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். அது அவர் முகத்துக்காக ஒரு மில்லிமீட்டர்கூட இறங்கி வரவில்லை.

அக்கா ஒன்றும் கவனிக்கவில்லை. அவள் தன் விடைத்தாளையே பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்து அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் சொன்னால் விடைக்குறிப்புக்கே திருத்தம் எழுதி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். திருத்தத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதுவது? அதை நோட்டீஸ் பலகையில் வேறு ஒட்டுவார்கள். பிள்ளைகள் கூட்டமாக நின்று படிப்பார்கள்.

கால்குலேட்டரை உறையில் போட்டு, இழுப்பறையைச் சாத்தினார். தொண்டையைச் செருமினார்.

“வீட்டுல சின்னப் பசங்க வேற இருக்குன்னு சொல்றே. சரி, போனாப் போகுது. அஞ்சு மார்க் போடறேன், மனிதாபிமானத்துல. வெளிய மூச்சு விடாதே, அப்புறம் ஆளாளுக்கு வந்து நிப்பாங்க.”

சிவப்பு முட்டையை அடித்து ஐந்து என்று எழுதியபோது பேனா கொஞ்சம் நடுங்கியது. அதைப் பார்த்து அவருக்குத்தான் எவ்வளவு இளகிய மனசு என்று அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எல்லாரும் சொன்னாங்க சார், அவர் கல்லு, போய் நிக்காதேன்னு. நீங்க நல்லா இருக்கணும் சார்.”

இரண்டு கையையும் கூப்பினாள். அவரும் தலையை லேசாக அசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

அவள் போன பிறகு மற்ற விடைத்தாள்களைக் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அந்த வகுப்பில் எல்லோருமே ஐம்பத்தைந்தரை என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக முடிவுகட்டி, அத்தனை பேருக்கும் அவர் முட்டை போட்டிருந்தார்.