முதல் இருபது நிமிஷம்

"கடலூர்லயே உன்னை வுட்டா கெட்டிக்காரி இல்லன்னாங்க. இதானா உன் லட்சணம்?"

சபாநாயகம் போட்ட சத்தம் செம்மண்டலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும்.

மலர்க்கொடி கையிலிருந்த கேம்ஷாஃப்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால்வுகளைத் தூக்கிவிடும் அதன் பதினாறு மேடுகளில் மூன்று, புதுசு போட்ட மூன்றாம் நாளே தேய்ந்து மழுங்கிப் போயிருந்தன.

பன்னிரண்டு வருஷமாகப் பட்டறை நடத்துகிறாள். அவள் கட்டிக் கொடுத்த இஞ்சின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. கொஞ்சம் ஜாஸ்தி என்பார்கள் மற்ற மெக்கானிக்குகள். அவர்கள் கட்டியதெல்லாம் திரும்பி வந்திருக்கும், பாவம்.

வண்டியும் லேசுப்பட்டதல்ல. சிதம்பரத்தில் சபாநாயகத்தின் அப்பா வாங்கிய அமெரிக்கக் கார். நாற்பத்தெட்டு வயசு, எட்டு சிலிண்டர். இன்னும் பன்னிரண்டு நாளில் மகள் நித்யஸ்ரீயின் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான், நாலு வீதியும் சுற்றி.

இதற்காகவே அமெரிக்காவில் இருக்கும் மகன் உமாசங்கர், ரோலர் கேம் செட் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தான்.

"ரோலரே போட்டுக்கலாம் சார். ஊர்வலத்துல ரெண்டு மணி நேரம் ஊந்துக்கினே போவணும். அதுக்கு உருண்டு ஓடறதுதான் நல்லது" என்று மலர்க்கொடி படித்துப் படித்துச் சொன்னாள்.

"எங்கப்பா ஓட்டினது ஃப்ளாட் டாப்பெட், உருளாம தேச்சிக்கினே ஓடற பழைய மாடல். அதே சத்தம்தான் எனக்கு வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்று அதையே போட வைத்தவர் இதே சபாநாயகம். இப்போது அது அவருக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்தால் எப்படிக் கத்துவது?

"நான் மட்டும் இல்லன்னா மொத்த இஞ்சினும் போயிருக்கும் ஐயா" என்றார் டிரைவர் ஆண்டி. முப்பத்தோரு வருஷமாக அந்தக் காரின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

"என்னாச்சு ஆண்டி?"

"பொறந்த புள்ளைய எடுத்ததும் யாராச்சும் ஓடச் சொல்லுவாங்களா? இந்தம்மா ஸ்டார்ட் பண்ணதுமே அலற வுட்டுச்சி. ரேடியேட்டருக்குத் தண்ணி மொண்டாறேன்னு தெருக்கோடிக்குப் போச்சி. எனக்கு மனசு கேக்கல. நான்தான் வேகத்தக் கொறச்சு, பத்து நிமிஷம் பதமா ஓட வுட்டேன். வந்து பாத்துட்டு மறுபடியும் அலற வுடுது."

"நீ இருந்ததால பொழச்சுது" என்று அவர் தோளைத் தட்டிய சபாநாயகம், மலர்க்கொடி பக்கம் திரும்பினார். "எந்தக் கை பட்டு இது கெட்டுச்சோ, அந்தக் கை இனிமே என் வண்டிய தொடக் கூடாது. சொல்லு, யாரு தப்பு இது?"

மலர்க்கொடி ஆண்டியைப் பார்த்தாள். அவர் தோள் துண்டை எடுத்து பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் தப்புதான் சார்."

"இப்ப வேற ஆள் தேட நேரமில்ல. அந்த ரோலரையே போட்டுக் குடு. அதோட உனக்கும் எனக்கும் தீந்துச்சு."

மறுநாளே விஷயம் முதுநகர் வரைக்கும் போய்விட்டது. மலர்க்கொடி கட்டின இஞ்சின் மூணே நாள் தாங்குச்சாம் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தது அவள் காதிலேயே விழுந்தது. ஆனாலும் இஞ்சினை மொத்தமாகப் பிரித்து, உள்ளே சிதறியிருந்த இரும்புத் தூளை ஒன்று விடாமல் கழுவி எடுத்து, ரோலரை மாட்டினாள்.

ஆண்டி தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். இஞ்சின் முதல் சாவியிலேயே கிளம்பி, மெல்ல ஓடி நின்றது.

"பாத்தியா, இப்பதான் நான் சொன்ன மாதிரி பதமா ஓட்டற."

"ஆமாண்ணே" என்றாள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், கூப்பிடாமலேயே சிதம்பரம் தெற்கு வீதிக்கு வந்து கூட்டத்தோடு நின்றாள் மலர்க்கொடி. மல்லிகைச் சரம் போட்ட கார், நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. ஒரு திணறல் இல்லை, ஒரு தட்டல் இல்லை. யார் என்ன சொன்னால் என்ன, அது அவள் கட்டிய இஞ்சின். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஸ்டியரிங்கில் ஆண்டி. புது வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. தெரிந்தவர்கள் கூப்பிட்டும் திரும்பவில்லை. அன்றைக்கு மாப்பிள்ளைக்கே அவ்வளவு மிடுக்கு இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் இளைஞன் அவளிடம் வந்தான்.

"மலர்க்கொடி அக்காதானே? நான் உமாசங்கர். அப்பா உங்கள திட்டினதெல்லாம் கேள்விப்பட்டேன். ஆண்டி அண்ணன், தான் வேகத்தக் கொறச்சத பாக்கறவங்ககிட்டல்லாம் பெருமையா சொல்லிக்கினு இருக்காரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோலர்னா பரவால்ல, புது ஃப்ளாட் டாப்பெட்டுக்கு முதல் இருபது நிமிஷம் வேகத்தக் கொறைக்கவே கூடாதேக்கா. வேகமா சுத்தினாத்தானே கேம் மேல எண்ணெய் தெறிக்கும்? அத கெடுத்தது அவருதான். ஏங்க்கா அப்பாகிட்ட சொல்லல?"

"எனக்குப் போன பேர, இன்னொரு இஞ்சின் கட்டி வாங்கிக்குவேன் தம்பி. ஆண்டி அண்ணனுக்கு இன்னொரு வண்டி ஏது?"