கூடையில் ஒட்டிய ஸ்டிக்கர்

"பார்த்தியா ஃபெலிசியா, நீ புதுக் கூடையில ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பின மறுவாரமே காணாமப்போன கூடையெல்லாம் வந்து இறங்குது!"

பெக்கான் நானாஸ் அன்னாசிக் கிடங்கின் முதலாளி செபஸ்தியனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. லோரியிலிருந்து காலிப் பிளாஸ்டிக் கூடைகள் அடுக்கடுக்காக இறங்கின.

"எங்க ஒளிச்சு வச்சாலும் ஸ்டிக்கர்ல இருக்கிற சிப்பு இடத்தைக் காட்டிக் கொடுத்துடும்னு திருட்டுக் கூடை வாங்கினவங்களுக்குப் பயம் லா. கில்பர்ட் லோரி ஓட்டினப்ப ஒண்ணாச்சும் திரும்பி வந்துச்சா? எல்லாத்தையும் வித்துட்டான். அவனை வேலையைவிட்டு நிறுத்தினது சரிதானே?"

ஆபீஸைக் கவனித்துக்கொள்ளும் ஃபெலிசியா கணக்குப் புத்தகத்தை மூடினாள்.

"பாஸ், அந்த ஸ்டிக்கர்ல சிப்பு எதுவும் இல்ல."

"அலமாக்! அப்புறம் எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? ரெங்கம், லாயாங் லாயாங் ஊர்க் கடைக்காரங்க அவங்களே போன் பண்ணாங்க. பழைய கூடையெல்லாம் கடைக்குப் பின்னாலயே கிடந்திருக்கு. யாரும் எடுக்க வரலையேன்னு கேட்டாங்க." அவள் தயங்கினாள். "காலிக் கூடைக்காக நிக்காதே, பழத்தை இறக்கிட்டு அடுத்த கடைக்கு ஓடுன்னு கில்பர்ட் அண்ணன்கிட்ட நீங்கதானே பாஸ் சொன்னீங்க?"

செபஸ்தியன் ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கூடையைத் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கரில் ஆபீஸ் போன் நம்பர். அதற்குக் கீழே மலாயில் ஒரே வரி: 'காலியானதும் கூப்பிடுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.'

கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். வெகுநேரம் தேடினார்.

"ஃபெலிசியா, கில்பர்ட் நம்பர் உன்கிட்ட இருக்காம்மா? அவனை நிறுத்தின அன்னிக்கே நான் அழிச்சிட்டேன்."