ஆட்டுக்குட்டிக்குப் பெரிய டயர்

"ஆட்டுக்குட்டி" என்று சொன்ன மனிதன் அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அழகமுத்து தன் பழைய ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டார்.

சொன்னது மக்கீன். சொல்லி ஒன்பது வருடம் ஆகிறது.

இரத்தோட்டைக்கு மேலே, அழகமுத்துவின் மிளகுத் தோட்டத்து வீட்டுக்கு ஏறும் ஒடுங்கிய ரோட்டில் ஒரு முரட்டு வளைவு உண்டு. அந்த மூலையில்தான் மக்கீன் வீடு. மதில் கட்டியபோது அதை ரோட்டோரம் வரைக்கும் நீட்டிவிட்டார். வண்டி திரும்ப இடம் போதாது என்று அழகமுத்து போய்ச் சொன்னார். மக்கீன் சிரித்தார்.

"உங்க ஜீப் ஆட்டுக்குட்டி மாதிரிதானே முத்தண்ணே. எந்தச் சந்துலயும் திரும்பிடும்."

வேலைக்கு நின்ற மேசன்மாரும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. மக்கீன் மகளின் கல்யாணத்துக்குச் சொன்னார்கள், அழகமுத்து போகவில்லை. பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார்.

பலாபத்வலையில் டயர் கடை வைத்திருக்கும் ஹாஷிம் முதலிலேயே எச்சரித்தான். இது முப்பது வருடத்துக்கு முந்தின வண்டி. இவ்வளவு பெரிய டயர் போட்டால், ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மட்காட்டில் உரசும். உரசாமல் இருக்க, ஒடிகிற அளவைக் குறைத்து வைக்க வேண்டும்.

"அப்ப வண்டி திரும்பக் கூட எடம் வேணும், அண்ணே."

"உசரமா நிக்குமா?"

"நிக்கும்."

"அது போதும். போடு."

நின்றது. அலுவிகாரையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாத்தளை டவுனில் ஒரு த்ரீவீல் தானாகவே ஒதுங்கி வழி விட்டது. சீட்டில் உட்கார்ந்தால் மற்றக் கார்களின் கூரை தெரிந்தது. இத்தனை வருடம் இந்த வண்டியை வைத்திருந்து, இன்றைக்குத்தான் அதில் ஏறியது போல இருந்தது அழகமுத்துவுக்கு.

வளைவுக்கு வந்தபோது மக்கீன் வாசலிலேயே நின்றார், கையில் பிளேன்டிக் கோப்பையோடு. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அழகமுத்து ஹோர்னை அடித்து, ஸ்டியரிங்கை ஒடித்தார்.

ஜீப் பாதியில் நின்றது. பம்பருக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்.

ரிவர்ஸ் எடுத்தார். முன்னே போனார். மறுபடியும் ரிவர்ஸ். மூன்றாம் தடவைதான் திரும்பியது. மக்கீன் குனிந்து கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கத்தான் குனிகிறான் என்று அழகமுத்து நினைத்தார்.

அடுத்த நாளிலிருந்து ஜீப் கீழே பிள்ளையார் கோயிலடியில் நின்றது. அங்கிருந்து வீட்டுக்கு அரை மைல் ஏற்றம். அழகமுத்து நடந்துவிடுவார். அவர் மனைவி கமலாட்சிக்குத்தான் முழங்கால் வருத்தம். கிளினிக்குக்குப் போய்வர அந்த ஏற்றத்தில் நாலு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

"பழைய டயரையே போட்டுருங்களேன்" என்றாள்.

"அவன் முன்னால தோத்துப் போகச் சொல்றியா?"

"என் முழங்காலு தோத்தாப் பரவாயில்லையா?"

மக்கீன் வாசலுக்கு எதிரே ஒரு மதகு. அதில் குந்தி மூச்சு வாங்கிவிட்டுத்தான் அவள் மிச்ச ஏற்றம் ஏறுவாள். அங்கே உட்காராதே என்று அழகமுத்து சத்தம் போட்டுப் பார்த்தார். அப்படியென்றால் தூக்கிக்கொண்டு போங்கள் என்று அவள் சொன்னதும் அடங்கிவிட்டார்.

மூன்றாம் வாரம் இரண்டு நாள் அடைமழை பெய்தது. மழை விட்ட காலையில் பார்த்தால், வளைவில் மதிலின் மூலையைக் காணோம். கல்லெல்லாம் மக்கீன் வீட்டுப் பலா மரத்தடியில் குவிந்து கிடந்தது. மழையில் ஊறி இறங்கிவிட்டது, இனிமேல் கட்டப் போவதில்லை என்று மக்கீன் போகிற வருகிறவர்களிடம் சொன்னாராம்.

அன்றைக்கே அழகமுத்து கமலாட்சியை முன் சீட்டில் ஏற்றினார். ஜீப் ஒரே மூச்சில் திரும்பியது. திரும்பும்போது ஹோர்ன் இரண்டு தடவை அடித்தார்.

"பாத்தியா? என் வண்டி நிக்குது. அவன் மதில் விழுந்திருச்சு."

கமலாட்சி அந்த மதகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு மாதம் கழித்து, டயர் நட்டுகளை இறுக்கிக்கொள்ள ஹாஷிமின் கடைக்குப் போனார். அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு லொறி டிரைவர்களுக்கு முழுக் கதையையும் சொன்னார். ஒன்பது வருடமாகத் தான் ஒரு கல்லைத் தொட்டதில்லை என்றும், கேட்க வேண்டியவர் மேலேயிருந்து கேட்டுவிட்டார் என்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

ஹாஷிம் தலையைத் தூக்காமல் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். டிரைவர்கள் எழும்பிப் போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

"வளைவுல இப்ப ஒரே தடவையில திரும்புதா, அண்ணே?"

"வழுக்கிக்கிட்டுப் போகுது."

"அப்ப சரி" என்றான் ஹாஷிம். "மூணு அடி போதுமான்னு மக்கீன் நானா கேக்கச் சொன்னாரு. போதாட்டி மதில்ல இன்னும் அரை அடி ஒடைக்கிறாராம்."